வெள்ளிக் கோளில் பிறை தெரியலை, வெறும் வெளிச்சப் பந்துதான் தெரியுது (70 மி.மீ. ரிஃப்ராக்டர்)

புதுக்கண்:

70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள சாதாரண ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி). ஐபீஸ் (கண் வெச்சுப் பார்க்கிற லென்ஸ்) 25 மி.மீ., 10 மி.மீ. ரெண்டு இருக்கு, உருப்பெருக்கத்தைக் கூட்டற மூணு மடங்கு பார்லோ லென்ஸ் ஒண்ணும் இருக்கு. சூரியன் மறைஞ்சு நல்லா இருட்டின பிறகு, மேற்கே வெள்ளி 15 டிகிரி உயரத்துல இருக்கும்போது பார்க்கிறேன்.

வெள்ளி 60 சதவீதம் ஒளிர்வோட, 20 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா டிகிரியில 3600-ல் ஒரு பங்கு) விட்டத்துல இருக்குன்னு ஆப் சொல்லுது. எனக்குத் தெரியறது கொதிக்கிற வெள்ளைப் பந்து. ஒரு ஓரத்துல சிவப்பு, எதிர் ஓரத்துல நீலம், சுத்தியும் ஊதாப் புகை. பார்லோ போட்டா இன்னும் மோசம். ஆனா நிலவும் சனி வளையமும் இதே குழாயில சுத்தமா தெரியுது.

லென்ஸ்ல ஏதாவது கோளாறா? மூன் ஃபில்டர் வாங்கினா சரியாகுமா? இன்னொரு சந்தேகமும் இருக்கு. வர்ற வாரங்கள்ல ஒளிரும் பகுதி தேயும், ஆனா பிரகாசம் கூடும்னு அதே ஆப் காட்டுது. தேயத் தேய எப்படிப் பிரகாசம் கூடும்?

மங்கல்வேளை:

லென்ஸ்ல கோளாறு இல்லை, பார்க்கிற நேரம்தான் தப்பு. மத்த எல்லாத்துக்கும் இருட்டட்டும்னு காத்திருக்கணும். வெள்ளிக்கு மட்டும் இருட்டறதுக்குள்ள பார்த்து முடிச்சிடணும்.

சனி சுத்தமா தெரியுதுங்கறது லென்ஸுக்கு நற்சான்றிதழ் ஆகாது. வெள்ளியோட மேகம் நிலவுத் தரையை விட, அதே அளவு பரப்புக்கு, சுமார் 10 மடங்கு பிரகாசம். சனியோட ஒப்பிட்டா 200 மடங்குக்கு மேல. ரெண்டு கண்ணாடி சேர்ந்த சாதாரண லென்ஸ் ஊதா நிறத்தை மத்த நிறங்களோட ஒரே புள்ளியில சேர்க்காது. அந்த ஊதாப் புகை சனியைச் சுத்தியும் இருக்கத்தான் செய்யுது, மங்கலா இருக்கறதால கண்ணுக்குப் படலை. வெள்ளியில அதே குறை பல மடங்கு பிரகாசமா, கறுத்த வானத்துக்கு நடுவுல நிக்குது. வானம் இன்னும் வெளிச்சமா இருந்தா அந்தப் புகை வானத்துக்குள்ளயே அமுங்கிடும்.

சிவப்பும் நீலமும் எதிரெதிர் ஓரத்துல வர்றது வேற கதை, அது காத்து செய்யற வேலை. 15 டிகிரி உயரத்துல ஒளி, தலைக்கு மேல இருக்கற காத்தைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு காத்தைக் கடந்து வருது. காத்து முப்பட்டகம் மாதிரி நிறங்களை மேலும் கீழுமா பிரிக்கும். அந்த உயரத்துல சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல சுமார் 5 ஆர்க்செகண்ட் இடைவெளி விழுந்துடும். கோளே 20 ஆர்க்செகண்ட்தான், அதுல கால்வாசியை நிறப்பிரிகையே தின்னுட்டா ஓரம் எப்படித் தெரியும்? 45 டிகிரி உயரத்துல அது ஒன்றரைக்குக் குறைஞ்சிடும்.

எது எதனால வருதுன்னு பிரிச்சுப் பார்க்க எளிய வழி இருக்கு. நிறம் வட்டமா சமமா சூழ்ந்திருந்தா முன் லென்ஸ். ஒரு ஓரம் சிவப்பு, எதிர் ஓரம் நீலம்னா காத்து. டயகனல் (ஒளியை மேல் பக்கமா திருப்பற கண்ணாடி) போட்டுப் பார்த்தா சிவப்பு அடிவானப் பக்கம் கீழ இருக்கும், டயகனல் இல்லாம நேரா பார்த்தா மேல போயிடும். கோளைப் பார்வைப் புலத்தோட ஓரத்துக்குத் தள்ளினதும் நிறம் கூடுதா? அது ஐபீஸோட குறை, கோளை நடுவுல வெச்சுக்கிட்டாப் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். சூரியன் முழுசா மறைஞ்ச உடனே குழாயைத் திருப்புங்க, முதல் 30 நிமிஷம்தான் பொன்னான நேரம். குழாயை அதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே வெளியில வெச்சுடுங்க, உள்ள சூடான காத்து நின்னா பிம்பம் வாலாட்டும். 10 மி.மீ. ஐபீஸ் 70 மடங்கு தரும். 20 ஆர்க்செகண்ட் வெள்ளி அதுல 23 ஆர்க்நிமிடமா தெரியும். வெறும் கண்ணால பார்க்கற முழு நிலவுல முக்கால் பங்கு அளவு அது. பிறை புரிய இது தாராளம். பார்லோவைப் பையிலயே விடுங்க. 10 மி.மீ.யோட சேர்த்தா 210 மடங்கு, 70 மி.மீ. லென்ஸ் 140-க்கு மேல எதையும் புதுசா காட்டாது. ஐபீஸிலிருந்து வர்ற ஒளிக்கற்றை 0.33 மி.மீ.க்குச் சுருங்கி, உங்க கண்ணுக்குள்ள மிதக்கற தூசிதான் தெரியும்.

அடுத்து, குழாயோட முன் மூடியைப் பாருங்க. நிறைய சின்ன ரிஃப்ராக்டர்ல பெரிய மூடியிலேயே ஒரு குட்டி மூடி இருக்கும். பெரிய மூடியைப் போட்டுட்டு குட்டியை மட்டும் திறங்க. இல்லைன்னா கறுப்பு அட்டையில 40 மி.மீ. வட்டம் வெட்டி லென்ஸுக்கு நடுவுல வர்ற மாதிரி முன்னாடி பொருத்துங்க. எஃப்/10 குழாய் (குவியத் தூரம் விட்டத்தைப் போல 10 மடங்கு) எஃப்/17.5 ஆயிடும், ஊதா பெருமளவு அடங்கிடும். பிரிச்சுக் காட்டக்கூடிய மிகச் சின்ன இடைவெளி 1.7-லிருந்து 2.9 ஆர்க்செகண்டா மோசமாகும்தான். 20 ஆர்க்செகண்ட் கோளோட பிறைக்கு அது போதும். ஓட்டை வட்டமா, ஓரம் பிசிறில்லாம இருக்கணும், பிசிறு இருந்தா கதிர் கதிரா முள் முளைக்கும்.

மூன் ஃபில்டர் கண்கூச்சத்தைக் குறைக்கும், நிறத்தையும் கொதிப்பையும் தொடாது. பணம் போடறதா இருந்தா வெளிர் மஞ்சள் 8 அல்லது மஞ்சள் 12 எண் ஃபில்டர் வாங்குங்க. ஊதாவை வெட்டறதோட மாலை வானத்தோட நீலத்தையும் கறுப்பாக்கும்.

கணக்கன்:

தேயத் தேயப் பிரகாசம் கூடுவது குறித்து.

வெள்ளி சூரியனுக்கு அப்பால் இருக்கும்போது நம்மிடமிருந்து சுமார் 25.8 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்போது சுமார் 4 கோடி கி.மீ. வேறெந்தக் கோளும் நமக்கு இவ்வளவு அருகில் வருவதில்லை. ஆக, தோற்ற விட்டம் 10 ஆர்க்செகண்டிலிருந்து 60-க்கு மேல் வரை ஆறு மடங்கு ஊதுகிறது, பரப்பு 36 மடங்கு. நெருங்க நெருங்க ஒளிரும் பங்கு சுருங்குகிறது, தட்டோ வீங்குகிறது. இந்த இழுபறியில் எது எப்போது ஜெயிக்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டுவிடலாம். தட்டின் பரப்பை ஒளிரும் பங்கால் பெருக்கினால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிரும் பரப்பு கிடைக்கும். அலகு சதுர ஆர்க்செகண்ட். முழு வட்டம், விட்டம் 10: ஒளிரும் பரப்பு 79. பாதி வட்டம், விட்டம் 24: 226. 27 சதவீதப் பிறை, விட்டம் 39: 322. 10 சதவீதம், விட்டம் 52: 212. 1 சதவீதம், விட்டம் 60: வெறும் 28. உச்சம் கால்வாசிப் பிறையில் விழுகிறது. இது பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வரும் நாளுக்கு (உள் இணைவு என்பார்கள்) சுமார் 36 நாள் முன்னும், அதேபோல 36 நாள் பின்னும் நடக்கும்.

ஒரு நெருடல். பரப்பு 79-லிருந்து 322 ஆனால் பிரகாசம் நான்கு மடங்கு கூட வேண்டும். உண்மையில் பிரகாச எண் (எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்) −3.9-லிருந்து −4.8-க்குத்தான் போகிறது, அதாவது சுமார் 2.3 மடங்கு. பிறையாக இருக்கும்போது நாம் பார்ப்பது ஒளி-இருள் எல்லையை ஒட்டிய பகுதி. அங்கே வெயில் சாய்ந்து விழுகிறது, மேகமும் மங்கலாகத் தெரிகிறது. மீதிக் கணக்கை அது தின்றுவிடுகிறது. நிலவில் இந்த விளைவு இன்னும் கொடூரம்: அரை நிலவு முழு நிலவின் பாதிப் பிரகாசம் அல்ல, பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான்.

தேதிகள்: 2026 ஆகஸ்ட் 15 அன்று சூரியனிலிருந்து அதிகபட்ச விலகல், 45.9 டிகிரி. செப்டம்பர் 20-ஐ ஒட்டி உச்சப் பிரகாசம். அக்டோபர் 24 உள் இணைவு. பிறகு விடிவெள்ளியாக மாறி 2027 ஜனவரி 3 அன்று காலை வானில் அதிகபட்ச விலகல். மாலையில் பாதி வட்டத்திலிருந்து மறைவது வரை பத்து வாரம்தான், முழு வட்டத்திலிருந்து பாதிக்கு வர ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. ஆகவே செப்டம்பர் முழுக்கப் பாருங்கள், வாரத்துக்கு வாரம் மாற்றம் தெரியும்.

விலகல் கோணம் ஒன்றாக இருந்தாலும் வெள்ளி எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்காது. வட அட்சரேகைகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாலை நேரத்துச் சூரிய வீதி (வானில் சூரியனும் கோள்களும் நகரும் பாதை) அடிவானத்தோடு சாய்ந்து படுத்திருக்கும், அதனால் இந்தச் சுற்றில் வெள்ளி தாழ்வாகவே இருக்கும். தென் அட்சரேகைகளில் இதே சுற்று அருமையாக இருக்கும். நிலநடுக்கோட்டை நெருங்கினால் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. தாழ்வாக நிற்கும் இடங்களில் இருப்பவர்களுக்கு, மங்கல்வேளை சொன்ன முதல் 30 நிமிடம் கூடத் தாமதம்தான்.

நண்பகல்:

கணக்கன் சொன்னதையே பிடிச்சுக்கறேன். தாழ்வா நிக்குதுன்னா பகல்லயே பார்த்துடுங்க. விளையாட்டுக்குச் சொல்லலை. மாலை வெள்ளி சூரியனுக்குக் கிழக்கே 45 டிகிரி இருக்கும்போது, சூரியன் உச்சி தாண்டி சுமார் 3 மணி நேரம் கழிச்சுத்தான் வெள்ளி தன்னோட உச்சிக்கு வருது. அதாவது பிற்பகல் 3 மணி வாக்கில வானத்துல அதிக உயரத்துல இருக்கும். பிம்பம் நிதானமா நிக்கும், ஊதாவும் இருக்காது, நீல வானத்துல வெண்மையான குட்டி அரை நிலா மாதிரி இருக்கும்.

முதல்ல ஆபத்தைச் சொல்லிடறேன். சூரியன் அடிவானத்துக்கு மேல இருக்கும்போது தொலைநோக்கியிலயோ பைனாகுலர்லயோ வானத்தைத் துழாவக் கூடாது. ஒரு நொடி சூரியன் உள்ள வந்தாப் போதும், விழித்திரை போயிடும். கட்டட நிழல்ல நின்னு பார்க்கணும். அதுலயும் எந்தப் பக்க நிழல்ங்கறதுதான் முக்கியம், நிறையப் பேர் இதைக் கவனிக்கறதில்லை. வானத்துல சூரியன் மேற்கே நகருது, மணிக்கு 15 டிகிரி. மாலை வெள்ளிக்கு, கட்டடம் சூரியனை மறைக்கணும், கட்டடத்தோட கிழக்கு ஓரத்துக்கு வெளியே வெள்ளி இருக்கணும். நேரம் போகப் போக சூரியன் கட்டடத்துக்குப் பின்னால இன்னும் உள்ளேதான் போகும். விடிவெள்ளிக்கு இது தலைகீழ். வெள்ளி சூரியனுக்கு மேற்கே இருக்கறதால, சூரியன் கட்டடத்தோட மேற்கு ஓரத்துலேர்ந்து வெளியே வந்துக்கிட்டே இருக்கும். நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. அப்போ பகல்ல தேடாதீங்க. விடியறதுக்கு முன்னாடியே குழாயில பிடிச்சு, சூரியன் எழுந்த பிறகும் விடாம தொடர்ந்து போறதுதான் வழி.

எங்கே தேடறது? போன் காம்பஸை நம்பாதீங்க, பக்கத்துல இரும்பு இருந்தா 10 டிகிரி கூடத் தப்பாக் காட்டும். இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. இன்னிக்கு சூரியன் மறையற நேரத்துல ஒரே இடத்துல நின்னு, வெள்ளி எந்தக் கூரை முனைக்கு, எந்தக் கம்பத்துக்கு மேல எத்தனை விரல்கடை தள்ளி இருக்குன்னு குறிச்சுக்குங்க. நாளைக்கு அதே நேரம் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் இருக்கும். நாளைக்கு 15 நிமிஷம் முன்னாடியே வந்து, அந்த முனைக்குச் சற்று மேலே பாருங்க, பிடிச்சதும் புது இடத்தைக் குறிச்சுக்குங்க. இப்படி நாளுக்கு 15 நிமிஷமா பின்னால நகர்ந்தா, ஒரு வாரத்துல சூரியன் நல்ல உயரத்துல இருக்கும்போதே வெறும் கண்ணால கண்டுபிடிச்சிடுவீங்க. இளம்பிறை நிலா மாசத்துக்கு ஒருமுறை வெள்ளி பக்கத்துல வரும், அன்னிக்கு நிலாவே வழிகாட்டி.

சரியான இடத்தைப் பார்த்தும் தெரியலையா? கண் குவியம் தவறியிருக்கும். வெறும் நீலத்தைப் பார்க்கும்போது கண் தன்னால ஒண்ணு ரெண்டு மீட்டர் தூரத்துக்குக் குவிஞ்சுடும். தூரத்து மேகத்தையோ கூரை விளிம்பையோ ஒரு நொடி பார்த்துட்டு அப்படியே கண்ணை மேலே நகர்த்துங்க. சட்டுனு ஊசிமுனை மாதிரி வெள்ளைப் புள்ளி முளைக்கும். கண்ணை எடுத்தா மறுபடி தொலைஞ்சு போகும்.

குழாய்க்கும் இதே சிக்கல்தான். குவியம் தப்பியிருந்தா வெள்ளி பெரிய மங்கல் வட்டமா பரவி, வானத்தோட கலந்துடும். நீங்க அதன் மேலேயே தடவிக்கிட்டுப் போனாலும் தெரியாது. முந்தின ராத்திரி நட்சத்திரத்துலயோ நிலவுலயோ 25 மி.மீ. ஐபீஸைக் குவியப்படுத்தி, நீளும் குழாயில பென்சிலால ஒரு கோடு போட்டு வெச்சுக்குங்க. பகல்ல அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துட்டுத் தேடுங்க. 28 மடங்குல ஒன்றரை டிகிரி வானம் தெரியும், தேட அது போதும். கிடைச்ச பிறகு 10 மி.மீ.க்கு மாத்துங்க.

போலரைசிங் ஃபில்டர் பகலுக்கு உதவும்னு சிலர் சொல்வாங்க. வானத்தோட ஒளி அதிகமா முனைவாக்கம் ஆகறது சூரியனுக்கு 90 டிகிரியில. வெள்ளி 47 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. லாபம் கொஞ்சம்தான்.

புதுக்கண்:

மூணு பேருக்கும் நன்றி. 40 மி.மீ. குட்டி மூடி இதுல இருக்கு. சூரியன் மறைஞ்ச பத்தாவது நிமிஷம் பார்த்தேன், அரைவட்டத்தை விடக் கொஞ்சம் பெருசா, ஓரம் கத்தி மாதிரி தெரிஞ்சுது.

மேலும் ரெண்டு கேள்வி. ஆப் 54 சதவீதம்னு சொல்றப்பவே எனக்குச் சரிபாதியாத் தெரியுது, கண் ஏமாத்துதா? நடுவுல லேசா சாம்பல் திட்டு மாதிரி தெரிஞ்சுது, அது மேகமா? 10×50 பைனாகுலர்ல பிறை தெரியுமான்னும் யாராவது சொல்லுங்க.

ஊதாக்கதிர்:

பைனாகுலர் பற்றி முதலில்: இப்போது தெரியாது, செப்டம்பர் கடைசியில் தெரியும். விட்டம் 40 ஆர்க்செகண்டைத் தாண்டி, பிறை 25 சதவீதத்துக்குக் கீழே மெலிந்த பிறகு 10 மடங்கு போதும். கையில் பிடித்தால் நடுக்கத்தில் பிறை கரைந்துவிடும், சுவரிலோ முக்காலியிலோ ஊன்றுங்கள். இருட்டிய பிறகு பார்த்தால் கண் பாவை 5 மி.மீ. திறந்து, விழிலென்ஸின் ஓரக் குறைகளெல்லாம் சேர்ந்து கதிர்களை வீசும். வெளிச்சத்திலேயே பாருங்கள்.

பாதி வட்டம் முன்கூட்டியே தெரிவது உங்கள் கண்ணின் பிழை மட்டும் அல்ல. யோஹான் ஷ்ரோட்டர் 1790-களில் இதைப் பதிவு செய்தார், அவர் பெயரிலேயே ஷ்ரோட்டர் விளைவு என்கிறோம். மாலை வெள்ளியில் கணக்கு சொல்லும் நாளுக்குச் சில நாள் முன்பே பாதியாகத் தெரியும், காலை வெள்ளியில் சில நாள் பிந்தித் தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒளி-இருள் எல்லையில் வெயில் படுசாய்வாக விழுவதால் கடைசிப் பட்டை மங்கிவிடுகிறது, கண் அதை இருட்டோடு சேர்த்துவிடுகிறது, ஆகவே ஒளிரும் பகுதி எப்போதுமே கணக்கைவிடச் சிறிதாகத் தெரிகிறது. நீல ஃபில்டரில் இந்த வித்தியாசம் கூடும், சிவப்பில் குறையும். 40 மி.மீ. மூடியும் மஞ்சள் ஃபில்டரும் போட்டால் ஒளி குறைந்து, மங்கலான பட்டை இன்னும் முன்னதாகக் காணாமல் போகும். ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் தினமும் ஒரே மூடி, ஒரே ஃபில்டர், ஒரே உருப்பெருக்கம். 5 செ.மீ. வட்டம் வரைந்து எல்லைக்கோட்டை மட்டும் அதில் இழுங்கள், பக்கத்தில் உப்பலா, நேரா, குழிவா என்று ஒரு சொல். ‘நேர்’ என்று எழுதிய நாட்களின் நடு நாள்தான் நீங்கள் கண்ட பாதி.

சாம்பல் திட்டு மேகமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 70 மி.மீ.யில் பெரும்பாலும் அது எல்லையை ஒட்டிய மங்கலைக் கண் உள்ளே இழுத்துக்கொள்வது. சோதனை: தலையை 90 டிகிரி சாய்த்துப் பாருங்கள், திட்டும் கூடவே திரும்பினால் அது உங்கள் கண்ணில் இருக்கிறது.

தரை தெரிய வழியே இல்லை. காற்றில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. தரையில் அழுத்தம் பூமியைப் போல 92 மடங்கு, வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். 48 கி.மீ. முதல் 70 கி.மீ. உயரம் வரை கந்தக அமிலத் துளிகளாலான மேகம் இடைவெளியே இல்லாமல் மூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த மேகம் வெறும் வெண்சுவர். 365 நானோமீட்டரை ஒட்டிய புறஊதாவில் மட்டும் கருந்திட்டுகள் வெளிப்படும், சில சமயம் படுத்த ‘ஒய்’ எழுத்து வடிவில். அந்தத் திட்டுகளை உண்டாக்கும் பொருள் எது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி.

அந்தத் திட்டுகளைப் படமெடுக்க விரும்புவோர்க்கு: நிறக் கேமரா வேண்டாம், மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமரா. பிரதிபலிப்புத் தொலைநோக்கி, 150 மி.மீ.யாவது. ரிஃப்ராக்டர் லென்ஸும் சாதாரண பார்லோவும் இந்த அலைநீளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். விழுங்காததையும் வேறிடத்தில் குவிக்கும். ஊதா 47 எண் ஃபில்டரை மட்டும் போட்டுவிட்டுப் படம் சப்பையாக வருகிறது என்று கேட்பவர்கள் அதிகம். அது அகச்சிவப்பையும் சேர்த்து உள்ளே விடுகிறது, கூடவே அகச்சிவப்பு தடுப்பு ஃபில்டர் போட வேண்டும். படம் கிடைத்துவிட்டால் நான்கு நாள் கழித்து இன்னொன்று எடுங்கள், அதே திட்டு ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பியிருக்கும். கோள் தன்னைத்தானே எதிர்த்திசையில் சுற்ற 243 நாள் ஆகிறது. மேல்மேகமோ நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் நான்கு நாளில் சுற்றிவிடுகிறது. இதை 1957-ல் முதலில் கண்டவர் ஷார்ல் புவாயே, காங்கோவின் பிராசவில்லில் 26 செ.மீ. தொலைநோக்கி வைத்திருந்த அமெச்சூர். தொழில்முறை வானியலாளர்கள் ஒத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

கணக்கன்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தரை தெரிய வழியே இல்லை என்பது பகல் பக்கத்துக்குச் சரி. இரவுப் பக்கத்தில் 1000 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில் சூடான தரையின் தணலொளி மேகத்தைத் தாண்டிக் கசிகிறது. மெல்லிய பிறை நாட்களில், 200 மி.மீ.க்கு மேற்பட்ட தொலைநோக்கியில், பிறை முழுக்க வெளுத்துப்போகும் அளவுக்கு ஒளியூட்ட நேரம் கொடுத்து அமெச்சூர்கள் இதைப் படமெடுத்திருக்கிறார்கள். உயர்நிலங்கள் கறுப்பாக விழும். அங்கே வெப்பம் குறைவு, உயரம் கிலோமீட்டருக்குச் சுமார் 8 டிகிரி குறைந்துகொண்டே போகும், மாக்ஸ்வெல் மலை 11 கி.மீ. உயரம்.

ஊதாக்கதிர்:

சரி, ஒப்புக்கொள்கிறேன், பகல் பக்கம் என்று எழுதியிருக்க வேண்டும். 1643-ல் ரிச்சோலி தொடங்கிப் பலர் கண்ணாலேயே கண்டதாகச் சொல்லும் ‘சாம்பலொளி’யை (இரவுப் பக்கத்தில் தெரிவதாகச் சொல்லப்படும் மங்கல் ஒளி) இதோடு குழப்ப வேண்டாம். கண் 1000 நானோமீட்டரைப் பார்க்காது, சாம்பலொளியைக் கேமரா இன்னும் உறுதிப்படுத்தவும் இல்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒளிரும் பிறையை ஐபீஸுக்குள் ஒரு தடுப்புப் பட்டையால் மறைத்துப் பார்க்க வேண்டும். பிறை கண்ணில் பட்டால் அதன் சிதறலே உள்ளே சாம்பல் பூசிவிடும்.

நண்பகல்:

புதுக்கண், அக்டோபருக்கு ஒரு எச்சரிக்கை. உள் இணைவை ஒட்டிய நாட்கள்ல பிறையோட கொம்புகள் அரைவட்டத்தையும் தாண்டி நீளும், வெள்ளியோட காத்து ஒளியைச் சிதறடிச்சுச் சுத்திக் கொண்டுவரும். பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா அக்டோபர் 24 அன்னிக்கு வெள்ளி சூரியனுக்குத் தெற்கே சுமார் 6 டிகிரியிலதான் இருக்கு, கையை நீட்டினா மூணு விரல் அகலத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கட்டட நிழல் முறைக்கு அங்கே இடமே இல்லை. குழாய் முன்னால நீண்ட நிழல் தடுப்பும், கணினி வழிகாட்டும் தாங்கியும் இல்லாதவங்க அக்டோபர் முதல் வாரத்தோட மாலைப் பார்வையை முடிச்சுக்கிட்டு, நவம்பர்ல காலையில எழுந்து பாருங்க. அதே பிறை எதிர்ப்பக்கமா திரும்பி நிக்கும்.